அன்பைத் தூண்டிலாக்கலாமா?

ஒருவன் குற்றம் செய்திருக்கிறான். சாட்சி இல்லை. அவன் நெஞ்சைத் தவிர வேறெங்கும் அந்த உண்மை இல்லை. அதை வெளியே கொண்டுவர, அவனைக் காதலிப்பதாக ஒரு பெண் நடிக்கலாமா? 1964இல் வெளிவந்த 'புதிய பறவை' நம்மைக் கேட்கும் கேள்வி இதுதான். பாட்டுக்காகவும் நடிப்புக்காகவும் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவர்கள் உண்டு. இந்தக் கேள்விக்காகவும் ஒருமுறை பார்க்கலாம்.

சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வரும் கோபால், உடன் வரும் லதாவிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். முதல் மனைவி சித்ரா ரயிலில் அடிபட்டு இறந்தாள் என்கிறான். மணநாள் நெருங்குகையில், 'நான்தான் சித்ரா' என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். இவள் சித்ராவே அல்லள் என்று கதறுகிறான், நம்புவார் இல்லை. அவள் போலி என்று காட்ட அவனுக்கு ஒரே வழிதான் மிஞ்சுகிறது. 'சித்ரா என் கையால் இறந்தாள்' என்று சொல்லிவிடுகிறான். சூழ்ச்சி அத்தனையும் போலீஸாருடையது. லதாவும் போலீஸ்!

இந்தப் பொறியின் அமைப்பு அபாரமானது. 1958இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்திலிருந்து 1963இன் 'சேஷ் அங்கா' என்ற வங்காளிப் படம் வழியாக வந்த சரக்கு என்பதால் அதன் மதிப்புக் குறையவில்லை. உண்மையை மறைக்க நினைப்பவனையே அதைச் சொல்லத் தவிக்க வைத்துவிடுகிறது. தாதா மிராசியின் இயக்கமும் சிவாஜி கணேசனின் முகமும் சேர்ந்து, குற்றவாளிக்காக நம்மைப் பதற வைக்கின்றன. படத்தின் பலம் அது.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. சௌகார் ஜானகி நடித்த சித்ரா குடிப்பவள், கணவனை மதியாதவள். ஆனால் இதெல்லாம் கோபால் சொல்லி நாம் கண்டவை. ஏற்கெனவே ஒரு பொய் சொன்னவனின் வாக்குமூலம் அது! 1954இன் 'அந்த நாள்' படத்தில் இறந்தவனைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். ஒன்றோடொன்றை வைத்து எடைபோட எஸ். பாலசந்தர் நமக்கு இடம் கொடுத்தார். இங்கே சித்ராவுக்காகப் பேச யாரும் இல்லை. அவள் இதயம் பலவீனமானது, ஓர் அறையில் உயிர் போய்விட்டது என்று பழியை நோயின்மேல் சாய்க்கிறது படம். அறைந்த கைதான் பிணத்தைத் தண்டவாளத்தில் கிடத்தியது என்பதை நாம் மறந்துபோகிறோம்.

போலீஸாரிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் சான்றாகாது என்றது 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம். ஆனால் ஏமாற்றிப் பெற்றது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்புதல் செல்லாமற்போகாது என்றும் அதுவே சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இவ்விரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறது. தடியைக் கண்டு அஞ்சிய சட்டம் வஞ்சகத்தைக் கண்டு அவ்வளவாக அஞ்சவில்லை. மனச்சாட்சியின் தராசு வேறு.

எங்கள் அரியாங்குப்பத்தை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். ரோமானிய வணிகத்தின் தடயங்கள் கிடைத்தன. அகழ்பவர்களுக்கு ஒரு நியதி உண்டு. கலைத்த மண்ணடுக்கை மறுபடி அடுக்க முடியாது. ஆகையால் எதை அழித்து எதை எடுக்கிறோம் என்று குறித்துக்கொண்டே இறங்கவேண்டும். மனத்தை அகழ்பவர்களுக்கு மட்டும் அந்தக் கணக்கு வேண்டாமா?

தன் காதல் மெய்யாகவே ஆகிவிட்டது என்கிறாள் லதா. நம் கண்ணீரைத் துடைக்கப் படம் செய்த ஏற்பாடு அது. கேள்விக்குப் பதில் அல்ல. காதல் பொய்யென்றால் அது வஞ்சனை. மெய்யென்றால், மெய்யான ஒன்றையே அவள் இரையாக வைத்தாள்.

சித்ராவுக்கு நீதி வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கோபால் வாய் திறந்தது தண்டனைக்குப் பயந்தல்ல. லதா ஒருத்தியாவது தன்னை நம்பவேண்டும் என்ற ஏக்கத்தில். அவனிடம் எஞ்சியிருந்த நல்லதைக் கொண்டே அவனைப் பிடித்தார்கள். உண்மை கிடைத்துவிட்டது, அதற்குக் கொடுத்த விலையை எந்த நீதிமன்றமும் எழுதிவைக்காது.