ஏமாந்தவர் மேல் என்ன குற்றம்?

போன வருடம் எங்கள் இளைஞர் பிரிவு நடத்திய பட்டிமன்றத்தில், "ஏமாறுகிறவன் இருக்கிற வரைக்கும் ஏமாற்றுகிறவன் இருப்பான்" என்ற பக்கம் நின்று பேசினேன். நல்ல கைத்தட்டல். அம்மாவும் முன் வரிசையில் உட்கார்ந்து தட்டினார். இப்போது அந்தப் பேச்சை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும். இணையத்தில் வாங்கிய சேலைக்காக அம்மா காத்துக்கொண்டிருந்தார். அப்போது ஒரு குறுஞ்செய்தி வந்தது. முகவரி சரியில்லை, பொட்டலத்தை மறுபடி அனுப்ப 1.50 வெள்ளி கட்டுங்கள் என்று கீழே ஓர் இணைப்பு. ஒன்றரை வெள்ளிதானே! கடன்பற்று அட்டையின் 16 எண்கள், காலாவதி தேதி, பின்பக்கத்து மூன்று எண்கள், கடைசியில் வங்கி அனுப்பிய ஆறு இலக்க ஓ.டி.பி., எல்லாவற்றையும் தட்டிவிட்டார். போனது 1,870 வெள்ளி.

அந்த ஓ.டி.பி. செய்தியைப் பிறகு நான் படித்துப் பார்த்தேன். 1,870 என்று தொகை தெளிவாகவே இருந்தது. அம்மா கண்ணில் பட்டது ஆறு எண் மட்டும்தான். நாம் மட்டும் என்ன? செய்தி திரையில் எட்டிப் பார்க்கும்போதே எண்ணைப் பிடித்துத் தட்டிவிடுகிறோம். தொகையையும் கடை பெயரையும் படிக்க ஐந்து வினாடிகூட ஆகாது.

ஆனால் எனக்கு வலித்தது வேறு. பணம் போனது ஐந்தாவது நிமிடமே அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஓ.டி.பி. கேட்காத ஏதோ வெளிநாட்டுத் தளத்தில் இன்னொரு 640 வெள்ளி போனது. அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, அன்னிக்கே சொல்லியிருந்தா அட்டையை முடக்கியிருக்கலாமே?"

"நீதான் மேடையில அப்படிப் பேசினியே. அப்பாவும் திட்டுவாரு. எப்படிப்பா சொல்றது?"

அந்த 640 வெள்ளியைத் திருடியவன் யாரோ ஒருவன். அவனுக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுத்தது என் பேச்சு.

அப்படியானால் கவனக்குறைவுக்குப் பொறுப்பே இல்லையா என்று நண்பன் கேட்டான். இருக்கிறது. அம்மாவுக்கும் இருக்கிறது. ஆனால் பொறுப்பு என்பது அடுத்து என்ன செய்வது என்று கேட்கும். குற்றம் சாட்டுவது ஆளை மூலையில் உட்கார வைக்கும். சமய வகுப்பில் திருடாதே என்று சொல்லிக் கொடுத்தார்கள். திருட்டுக் கொடுத்தவரிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

நான் மின் பொறியியல் படிக்கிறேன். யாரும் தவறே செய்யமாட்டார்கள் என்று நம்பி எந்த வீட்டுக்கும் ஒயரிங் போடுவதில்லை. தவறு நடக்கும் என்று தெரிந்துதான் ஃபியூஸ் வைக்கிறோம். அட்டைக்கும் அதையே செய்தோம். இணையச் செலவின் உச்சவரம்பைக் குறைத்தோம். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் மூடிவிட்டோம். தேவைப்படும் அன்று திறந்தால் போதும். கடைத் தளங்களில் சேமித்து வைத்திருந்த அட்டை எண்களையும் அழித்தோம் (நான்கு தளங்கள், அதில் இரண்டு அம்மாவுக்கே மறந்து போனவை). அட்டையின் பின்னால் இருக்கும் வங்கி எண்ணையும், 2022-இல் தொடங்கிய தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணையும் வீட்டில் எல்லாருடைய கைப்பேசியிலும் பதிந்து வைத்தாயிற்று.

முதல் தொகைக்கு ஓ.டி.பி. கொடுக்கப்பட்டதால் வங்கி இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது. திரும்பக் கிடைக்குமா, தெரியாது.

இப்போதெல்லாம் எந்தச் செய்தி வந்தாலும் அம்மா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு "இது உண்மையா?" என்று கேட்கிறார். நேற்று அனுப்பியது நிஜமான மின்சார பில். "இதுக்குமா கேக்கணும்?" என்று அப்பா அலுத்துக்கொண்டார். "கேக்கட்டும்பா," என்றேன்.