கேட்டதைக் கொடுத்தால் போதுமா?

வாடிக்கைக்காரர் கேட்கும் சரக்கைக் கொடுப்பவனே நல்ல வியாபாரி என்று நாம் நெடுநாளாகச் சொல்லி வருகிறோம். நிறுவையில் குறையில்லை, விலையில் வஞ்சகமில்லை, கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டோம் என்றால் நம் கடமை தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். உண்மையில் தீர்ந்துவிட்டதா? இதற்கு விடை காண ஒரு பூக்கொடியின் வரலாறு நமக்கு உதவும்.

ஸ்வீட் பீ என்பது பட்டாணிக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. பார்வைக்குப் பட்டாணி போலவே இருந்தாலும் இதன் விதை நஞ்சு, உண்ணலாகாது. பூவுக்காகவே வளர்க்கிறார்கள். குளிர்ச்சியை விரும்பும் செடியாதலால் நம் ஊர்த் தாழ்நிலத்து வெப்பம் இதற்கு ஆகாது. இதன் தாயகம் இத்தாலியின் தென்பகுதியும் சிசிலித் தீவுமாகும். சிசிலியில் வாழ்ந்த குப்பானி என்ற கிறிஸ்தவத் துறவி இதன் விதைகளை 1699-ல் இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூ சிறியது, கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். ஆனால் அதன் மணமோ, ஒரு கைப்பிடிப் பூ அறை முழுவதையும் நிறைத்துவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹென்றி எக்ஃபோர்டு என்பவர் இனங்களைக் கலந்து, பூவைச் சற்றுப் பெரிதாக்கிப் பல நிறங்களையும் உண்டாக்கினார், மணமும் குன்றவில்லை. பிறகு 1901-ல், ஸ்பென்சர் பிரபுவின் தோட்டக்காரரான சைலஸ் கோல், அலையலையாய் மடிந்த பெரிய இதழ்களையுடைய ஒரு பூவை லண்டன் கண்காட்சியில் வைத்தார். பார்த்தவர்கள் மயங்கினார்கள். எல்லோரும் அந்த வகையையே கேட்டார்கள். விதை வியாபாரிகளும் அதையே கொடுத்தார்கள். ஆண்டுக்காண்டு பூவின் அளவும் நிறமும் பார்த்தே விதை தேர்ந்தார்கள். அப்படி வந்த இனங்கள் பலவற்றில் மணம் குறைந்துபோயிற்று.

இங்கே யாரைக் குற்றம் சொல்வது? யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வாங்கியவர் பெரிய பூவைக் கேட்டார். பெரிய பூவே கிடைத்தது. விதைப் பட்டியலில் அச்சிடும் படத்தில் நிறம் தெரியும், மணம் தெரியாது. கண்ணுக்குத் தெரிந்தது விலைபோயிற்று, தெரியாதது கைவிடப்பட்டது. பழைய மணத்தை ஒருமுறையும் நுகராமல் வளர்ந்த பிள்ளை, அது வேண்டுமென்று எந்தக் கடையில் போய்க் கேட்கும்? அறியாத ஒன்றைக் கேட்க எவராலும் முடியாது. ஆகவே, “கேட்டதைக் கொடுத்தோம்” என்ற சமாதானம் பாதி நியாயமே. மறுபாதி, அறிந்தவன் சொல்லாமல் இருந்ததில் இருக்கிறது.

“விலைபோகாத சரக்கை வைத்துக்கொண்டு கடை வாடகை கொடுக்க முடியுமா?” என்று நம்மில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். கடையால் இயலாததை அங்கே வீட்டுத் தோட்டங்கள் செய்தன. ஸ்வீட் பீ பூ விரியுமுன்பே தனக்குள் மகரந்தம் சேர்ந்துவிடுகிறது. அதனால் பக்கத்தில் வேறு இனம் நின்றாலும் பழைய விதை பெரும்பாலும் கலப்பின்றி வரும். வேலியோரத்தில் நாலு கம்பு நட்டு, அதில் கொடியேற்றி, ஆண்டுதோறும் ஒரு சிட்டிகை விதை எடுத்து வைத்தாலே போதும்.

ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. இந்தக் கொடி, பறிக்கப் பறிக்கப் பூக்கும். காயை முற்றவிட்டால் பூப்பதை நிறுத்திக்கொள்ளும். விதை வேண்டுமென்பவர், ஒன்றிரண்டு கொடிகளின் பூவையாவது துறக்கத்தான் வேண்டும். அவ்வாறு துறந்தவர்கள் இருந்தார்கள். குப்பானியின் பெயரைத் தாங்கிய பழைய வகை இன்றும் விதையாக விற்கப்படுகிறது. மணத்தை விரும்பி அதைத் தேடி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய பூவிலேயே மணத்தை மீட்க முயன்று வெற்றி கண்டவர்களும் உண்டு. கைவிடப்பட்ட சரக்குக்கு மறுபடியும் வாடிக்கை பிறந்திருக்கிறது. யாரோ சிலர் காத்து வைத்திராவிட்டால் இது நடந்திருக்குமா?

நம் கடைக்கு வருகிறவர் மிளகாய்த்தூளை நிறம் பார்த்து வாங்குகிறார். பொட்டலத்தைப் பளபளப்புப் பார்த்து எடுக்கிறார். எது காரம், எது வெறும் நிறம் என்பது நமக்குத் தெரியும். அவர் கேட்டதைக் கொடுப்போம், அதில் தவறில்லை. ஆனால், “இதையும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள்” என்று சொல்லிப் பழைய சரக்கில் ஒரு சிட்டிகையை அவர் உள்ளங்கையில் வைக்க நமக்கு என்ன செலவு? அதன்பிறகும் அவர் நிறத்தையே தேர்ந்தால் அது அவர் விருப்பம். நாம் சொல்லாமலே விட்டு அவர் அதைத் தேர்ந்தால், அந்தத் தேர்வில் நமக்கும் பங்குண்டு.