புகாருக்கும் திருட்டுக்கும் நடுவில்

பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சட்டக் கல்லூரியில் சேர்ந்து பழகிய ஊர் நம்முடையது. அதனால் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு இங்கே பல வீடுகளுக்கு இன்னும் புதுசுதான். திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டுப் படிப்பில் சேர அதை எழுதியாக வேண்டும். 120 கேள்விகள், 120 நிமிடங்கள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண், தவறினால் கால் மதிப்பெண் போய்விடும். இதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு லாஜிக்கல் ரீசனிங். ஆங்கிலத்துக்கு வாசிப்பு, நடப்புச் செய்திக்குப் பத்திரிகை என்று வழி தெரிந்துவைத்திருக்கும் பிள்ளைகள், இந்தப் பகுதியை மட்டும் ஜாதகப் பலன்போலப் பேசுவார்கள்: ‘அன்னிக்கு ஓடினா ஓடும், இல்லேன்னா இல்லை.’

அப்படி இல்லை. ஆனால் எதைப் பழக வேண்டும் என்பதில்தான் முதல் தடுமாற்றம். அண்ணனோ அக்காவோ விட்டுப்போன பழைய கைடில் ரத்த உறவு, வட்ட மேசையில் யார் பக்கத்தில் யார் என்பதுபோன்ற புதிர்கள் நிறைந்திருக்கும். 2020-ல் தேர்வின் முகம் மாறியது. ஒரு பத்தியைக் கொடுத்து, அதிலுள்ள வாதத்தைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்கள். புதிர்கள் அடியோடு ஒழிந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனால் பத்தியைப் பிரிக்கத் தெரியாதவருக்குப் புதிர்ப் பயிற்சி மட்டும் கைகொடுக்காது.

பிரிப்பது என்றால் என்ன? நானே எழுதிய ஒரு சின்ன வாதத்தை எடுத்துக்கொள்வோம். ‘பேருந்து நிலையத்தில் கேமரா பொருத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் பிக்பாக்கெட் புகார்கள் பாதியாகக் குறைந்தன. ஆகவே கேமராக்கள் திருட்டைக் குறைத்திருக்கின்றன.’

வேகமாகப் படித்தால் ஒரு குறையும் தெரியாது. காரணம் எது, முடிவு எது என்று இரண்டையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள். காரணத்தில் இருக்கும் சொல் ‘புகார்’. முடிவில் இருக்கும் சொல் ‘திருட்டு’. நடுவில் சொல் மாறிவிட்டது! பர்ஸைப் பறிகொடுத்தவர் எல்லோரும் புகார் கொடுக்கிறார்களா? நிலையத்துக்குள் இருந்த புறக்காவல் நிலையத்தை அந்த ஆறு மாதத்தில் வேறிடத்துக்கு மாற்றியிருந்தால், அலைய மனமில்லாமல் ஜனங்கள் வீட்டுக்குப் போயிருப்பார்கள். புகார் குறையும், திருட்டு குறையாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. கேமரா வந்த பிறகு குறைந்தது என்பதாலேயே கேமராவால் குறைந்தது ஆகிவிடாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நம் பாட்டிகள் இதற்காகத்தான் சொல்லிவைத்தார்கள். பனம்பழம் என்று சொன்னால் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்ளும் பிள்ளை, அதே பிழை ஆங்கிலப் பத்தியில் புள்ளிவிவரத்தோடு வரும்போது தலையாட்டிவிடுகிறது. (தர்க்கம் நமக்கு அந்நியச் சரக்கு என்று நினைப்பவர்கள் மணிமேகலையின் 29-ஆம் காதையைப் புரட்டலாம். அறவண அடிகள் அங்கே பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் எப்படிப் போலியாகும் என்றும் பட்டியல் போடுகிறார்.)

இப்போது கேள்வி: இந்த வாதம் எதை நம்பி நிற்கிறது? இரண்டு ஆப்ஷன்களை மட்டும் பார்ப்போம். ஒன்று, ‘கேமரா இல்லாமல் திருட்டைத் தடுக்கவே முடியாது.’ மற்றொன்று, ‘அந்த ஆறு மாதத்தில் அங்கே வந்துபோகும் பயணிகளின் கூட்டம் பெரிதாகக் குறைந்துவிடவில்லை.’ பலர் முதலாவதைத்தான் டிக் செய்வார்கள். அது கம்பீரமாக ஒலிக்கிறது, கேமராவைப் பற்றியும் பேசுகிறது. இரண்டாவது எங்கோ ஓரமாக நிற்பதுபோல் இருக்கும்.

இந்த இடத்தில் ஆப்ஷனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். முதலாவதைத் திருப்பினால், ‘கேமரா இல்லாமலும் தடுக்க முடியும்.’ முடியட்டுமே, இந்த ஊரில் கேமராவால் குறைந்தது என்ற பேச்சுக்கு அதனால் ஒரு சேதமும் இல்லை. இரண்டாவதைத் திருப்பினால், ‘பயணிகள் கூட்டம் பெரிதாகக் குறைந்துவிட்டது.’ வாதம் அங்கேயே ஆட்டம் கண்டுவிடுகிறது. திருப்பியதும் எது வாதத்தைச் சாய்க்கிறதோ அதன் மேல்தான் வாதம் நின்றுகொண்டிருந்தது. முதல் பத்து நாள் இப்படித் திருப்பிப் பார்க்க ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம்கூட ஆகும். ஆகட்டும். கடிகாரத்தை அதுவரை மேசையறையில் போட்டுப் பூட்டிவிடலாம்.

வாதத்தை எது பலவீனப்படுத்தும் என்ற கேள்வியில் வேறொரு வழுக்கல். ஆப்ஷனை உண்மை என்று வைத்துக்கொண்டால் என்னவாகும் என்பதுதான் கேள்வி. பிள்ளைகளோ ‘இதெல்லாம் நடக்குமா சார்?’ என்று ஆப்ஷனோடு சண்டைக்குப் போவார்கள். மதுவிலக்கு, இடஒதுக்கீடு, மரண தண்டனை என்று பத்தி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வக்கீலாக ஆசைப்படுகிறவர்களுக்கு இயல்பாகவே வாய் அதிகம். தங்கள் கட்சிக்குப் பிடித்த ஆப்ஷனைத் தேடிப் போய் மதிப்பெண்ணை விட்டுவிட்டு வருவார்கள்.

நிபந்தனை வாக்கியங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘75 சதவீதம் வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம்’ என்றால், 75 இருக்கும் எல்லோரும் எழுதலாம் என்று பொருள் இல்லை. ஃபீஸ் கட்டாதவனும் வெளியேதான் நிற்பான். கல்லூரிக்குப் போய்வந்த எந்த அண்ணனைக் கேட்டாலும் இது விளங்கிவிடும்.

மாக் டெஸ்ட் கணக்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. ஐம்பது மாக் எழுதினேன் என்று சொல்லும் மாணவியிடம், தப்பிய கேள்விகளை என்ன செய்தாய் என்று கேட்டால், ‘சொல்யூஷன் பார்த்தேன்’ என்பாள். சொல்யூஷனைப் பார்த்தால் சரியான விடை ஏன் சரி என்று தெரியும். தான் போட்ட விடை ஏன் தனக்குச் சரியென்று பட்டது என்பது அதில் இருக்காது. அதை அவளேதான் எழுத வேண்டும், ஒரு நாற்பது பக்க நோட்டில், ஒரு வரியில். ‘சில என்பதை எல்லாம் என்று படித்தேன்.’ ‘பத்தியில் இல்லாததை நானே சேர்த்தேன்.’ ‘நீளமாக இருந்தது, போட்டுவிட்டேன்.’ மூன்று வாரம் கழித்துப் புரட்டினால் தவறுகள் முப்பது வகையாக இருக்காது. இரண்டு மூன்றுதான் திரும்பத் திரும்ப வரும்.

கடைசியாக அந்தக் கால் மதிப்பெண். தெரியாததைத் தொடாதே என்று வீட்டில் பயமுறுத்தி அனுப்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு ஆப்ஷனில் கண்ணை மூடிக்கொண்டு 16 கேள்விக்கு விடை போட்டால் சராசரியாக 4 சரி, 12 தவறு. நான்கு வரும், மூன்று போகும், மிஞ்சுவது ஒன்று. அதற்காக மெனக்கெட வேண்டாம். ஆனால் மேலே சொன்னதுபோலத் திருப்பிப் பார்த்து இரண்டு ஆப்ஷனை நியாயமாக அடித்துவிட்ட 16 கேள்விகள் என்றால் 8 சரி, 8 தவறு. எட்டிலிருந்து இரண்டு போக ஆறு. பயந்து காலியாக விட்டால் அந்த ஆறும் இல்லை.