யாத்திரையும் புகைப்படமும்

கல்முனைக்குடியிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் உம்ராவுக்குப் புறப்படுகிற நம் இளைஞர், கஃபாவைக் கண்ணாற் கண்ட அதே கணத்திற் போனை உயர்த்திப் படமெடுத்து ஊருக்கு அனுப்புவதும், அதைப் பார்த்த பெரியவர்கள், "போனது வணங்கவா, படம் பிடிக்கவா?" என்று மனம் வெதும்புவதும் இன்று வழமையாகிவிட்டன. பெரியவர்களின் வேதனையை நான் மதிக்கிறேன். ஆனால், புண்ணிய ஸ்தலத்திற் புகைப்படக் கருவிக்கே இடமில்லை என்னும் அவர்களது முடிவுக்கு என் மனம் இசையவில்லை. உயிருள்ளவற்றின் உருவத்தைப் பற்றி மார்க்க அறிஞரிடையே அபிப்பிராய பேதம் உண்டு. கட்டடத்தைப் படமெடுப்பதில் அத்தகைய தர்க்கம் எழுவதில்லை.

எகிப்திய இராணுவத்தில் பொறியியலாளராக இருந்த முஹம்மது ஸாதிக், 1861ஆம் ஆண்டு மதீனாவையும் 1880இல் மக்காவையும் படமெடுத்தார். கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டியிருந்த மதீனாக் காலத்தில், அந்த வெயிலில் அவர் பட்ட சிரமம் தம் முகத்தை உலகுக்குக் காட்டுவதற்காக அன்று. 1885இல் மக்காவில் தங்கிய டச்சு அறிஞர் ஸ்நூக் ஹுர்கிரோன்யேயிடம் அக்கலையைப் பயின்ற அப்துல் கஃப்பார் என்னும் மக்கத்து வைத்தியர், தம் நகரைத் தாமே படமெடுத்தார். அவரது படங்கள் பல அவர் பெயர் நீக்கப்பட்டு டச்சுக்காரரின் பெயரில் வெளிவந்தது பெரும் அநீதி. மக்காவில் துருக்கியர் கட்டிய அஜ்யாத் கோட்டை 2002இல் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டு, அவ்விடத்தில் இப்பொழுது 601 மீற்றர் உயர மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கின்றது. அக்கோட்டையைக் காண விரும்பும் யாத்திரிகன் பழைய புகைப்படங்களிலன்றி வேறெங்கே அதைக் காண்பான்?

தூணையும் வளைவையும் கல்லெழுத்தையும் நோக்கிய கருவி வருங்காலத்துக்கு ஊழியம் செய்கிறது. தன்னையே நோக்கித் திரும்பிய கருவியோ, தவாபின் நடுவே பிறரது நடையைத் தடுத்து, அழுது துஆக் கேட்கும் அந்நியரின் கண்ணீரையும் அவர் சம்மதமின்றிக் கவர்ந்துகொள்கிறது. 2017இல் சவூதி அரசாங்கம் இரு ஹரம்களிலும் படமெடுப்பதற்குத் தடை அறிவித்தபோது, வணங்குவோருக்கு நேரும் இடையூறும் ஒரு காரணமாகக் கூறப்பட்டது. அது நியாயமான காரணமே.

படத்தின் அருமை நம் கரைக்குத் தெரியாததன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில், இலங்கையிலேயே மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். கரையோர வீடுகளோடு அவற்றிலிருந்த பழைய அல்பங்களையும் கடல் கொண்டுபோயிற்று. நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறும் நம் கடற்கரைப் பள்ளி முற்காலத்தில் எப்படியிருந்தது என்று ஒரு பிள்ளை கேட்டபோது, வாய்மொழியாகச் சொல்ல முடிந்ததேயன்றிக் காட்டுவதற்கு ஒரு படம் என்னிடம் இருக்கவில்லை.

ஆகையால், தம்பிமாரே, சென்ற இடத்தில் முதலில் தொழுங்கள். பின்னர் கூட்டம் குறைந்த வேளையில், அனுமதியுள்ள இடத்தில், மிம்பரையும் தூணையும் எழுத்தையும் நிதானமாகப் படமெடுத்து, இடத்தையும் ஆண்டையும் குறித்து வையுங்கள். பயணம் புறப்படுமுன், உங்கள் மஹல்லாப் பள்ளிவாசலையும், அது இடித்துப் புதிதாகக் கட்டப்படுவதற்கு முன்பே படமெடுத்து, ஒரு பிரதியை நிர்வாக சபையிடம் கையளித்துவிட்டுச் செல்லுங்கள்.