கரியன் கண்ட கடற்கரை

பள்ளியில் 33 ஆண்டுகள் தமிழ் கற்பித்த நாம், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுதோறும் தவறாது ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்து வந்தோம். 'ஒரு நாயின் தன்வரலாறு' என்பது அது. குடையின் தன்வரலாறு, நாணயத்தின் தன்வரலாறு, ஆலமரத்தின் தன்வரலாறு என்பனவும் உண்டு. எனினும் பிள்ளைகள் விரும்பி எழுதியது நாயைப் பற்றித்தான். அக்கட்டுரைகள் அனைத்திலும் நாய் நன்றியுள்ளதாகவே இருந்தது. திருடனைப் பிடித்தது, எசமானர் அளித்த சோற்றைப் புகழ்ந்தது, இறுதிப் பத்தியில் உயிரையும் விட்டது. நாமும் மகிழ்ந்து பத்துக்கு எட்டு மதிப்பெண் இட்டோம். நாய் தன் வீட்டாரைப் பற்றி ஒரு குறையேனும் கூறிய கட்டுரை ஒன்றையும் நாம் கண்டதில்லை. யாரேனும் அவ்வாறு எழுதியிருப்பின், சிவப்பு மையால் சுழித்திருப்போம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

சென்ற ஆண்டு, ஏழாம் வகுப்புப் படிக்கும் நம் பெயர்த்தி அதே தலைப்பில் ஒரு கட்டுரை எழுதிக் காட்டினாள். அதில் எங்கள் வீட்டு நாய் கரியன், நாள்தோறும் நம்முடன் கடற்கரைக்குச் சென்றுவருவதைக் கூறுகிறது. "பாட்டி கடலைப் பார்க்கிறாள். நான் தரையைப் படிக்கிறேன். நான் பாதி படித்துக்கொண்டிருக்கும்போதே கயிற்றை இழுக்கிறாள்" என்று எழுதியிருந்தாள். 'அவன்', 'அது' என்ற திணை வழுக்கள் சில இருந்தன, அவற்றைத் திருத்தினோம். அந்த மூன்று வாக்கியங்களில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. புத்தகம் வாசிக்கும் குழந்தையின் கையிலிருந்து அதனைப் பிடுங்குவது எத்தகைய செயல் என்பதை ஆசிரியர் ஒருவருக்கு எடுத்துக்கூற வேண்டியதில்லை அன்றோ?

2019-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் தெருவோரத்தில் நனைந்து கிடந்த நாட்டு நாய்க்குட்டி அது. பணி ஓய்வுக்குப் பின் நாம் மகள் வீட்டில், திருவான்மியூரில், வாழ்ந்து வருகிறோம். விடியலில் கரியனுடன் பெசன்ட் நகர்க் கடற்கரை நோக்கி நடப்பது வழக்கமாயிற்று. நமக்கு அந்த நடை என்பது கீழ்வானம் சிவப்பது, கட்டுமரங்களின் இடத்தைப் பிடித்துக்கொண்ட கண்ணாடி இழைப் படகுகள் திரும்புவது, முழங்கால் வலி சற்றே குறைவது ஆகியவையே. கரியனுக்கு அந்த நடை எத்தகையது? கீழ்வானத்துச் சிவப்பு அதற்குச் சிவப்பாகத் தோன்றாது. நாயின் கண்களில் இருவகை நிற உணர்விகளே உள்ளன. நீலமும் மஞ்சளும் புலப்படும், சிவப்பும் பச்சையும் மங்கலான மஞ்சளாகவோ பழுப்பாகவோ கலந்துவிடும். ஆனால் மூக்கின் நிலை வேறு. மனிதனுக்குச் சில பத்து இலட்சம் மணநுகர் செல்கள். நாய்க்கோ இனத்திற்கேற்பப் பத்துக் கோடிக்கும் மேல். மூச்சை வெளிவிடும்போது காற்று நாசியின் பக்கப் பிளவுகள் வழியே வெளியேறுவதால், முன்னிருக்கும் மணம் கலைவதில்லை. மேலும் மேலும் உள்ளே இழுக்கப்படுகிறது. முந்தைய இரவு அவ்வழியே சென்ற நாய் எது, ஆணா பெண்ணா, எத்திசையில் சென்றது என்பனவெல்லாம் மணலில் எழுதப்பட்டிருக்கின்றன. நமக்குக் கடற்கரை ஒரு காட்சி. கரியனுக்கு அது நேற்றைய செய்தித்தாள்.

அக்கடற்கரையில் வெண்மையான வளைவுகளுடன் கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் நிற்கிறது. 1930-ஆம் ஆண்டில், கடலில் மூழ்கவிருந்தவரைக் காப்பாற்ற முயன்று தன் உயிரை இழந்த டேனிஷ் நாட்டு மாலுமியின் நினைவாக எழுப்பப்பட்டது. பிற உயிருக்காகத் தன்னுயிரை ஈந்தவரின் சின்னம் என்பதால் நாம் அங்கு சிறிது நேரம் நிற்பதுண்டு. கரியனும் நிற்கும், ஆனால் அதன் வழிபாட்டு முறை வேறு. காலைத் தூக்கும். நாம் நாணிக் கயிற்றை இழுப்போம். அந்தச் சுவரில் ஊரிலுள்ள நாய்களெல்லாம் தம் வருகையைப் பதிந்திருக்க, கரியன் மட்டும் கையெழுத்திடாமல் செல்வது எவ்வாறு?

ஆசிரியப் பயிற்சியின்போது உளவியல் பாடத்தில் பாவ்லோவின் நாயைப் பற்றிப் படித்தோம். உணவு கொடுக்குமுன் மணியடித்தால், நாளடைவில் மணியோசைக்கே நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும். ஆக்கநிலையுறுத்தம் என்று அதற்குப் பெயர். தேர்விற்காக அதனை மனப்பாடம் செய்த நாற்பது பேரில் ஒருவரும், கன்னத்தில் அறுவை செய்து குழாய் பொருத்தப்பட்ட அந்த நாய் என்ன உணர்ந்திருக்கும் என்று வினவவில்லை. உயிர்க்கொல்லாமையைத் தாய்ப்பாலுடன் பருகிய குடும்பத்தில் பிறந்த நாமும் வினவவில்லை. இது வேறு கதை. எனினும் நினைவுக்கு வந்ததை எழுதிவிட்டோம்.

பிற உயிரின் நோக்கிலிருந்து பார்ப்பது இயலுமா? 1974-ஆம் ஆண்டில் தாமஸ் நேகல் என்னும் அமெரிக்கத் தத்துவ அறிஞர், வௌவாலாக இருப்பது எத்தகையது என்று வினவி ஒரு கட்டுரை எழுதினார். வௌவாலைப் பற்றிய செய்திகள் அனைத்தையும் நாம் அறிந்துவிடலாம்; ஆயினும் வௌவாலுக்கு வௌவாலாக இருப்பது எப்படி என்பதை அறிய அச்செய்திகள் போதா என்பது அவர் கருத்து. அநேகாந்தத்தைக் கற்றோருக்கு இது முற்றிலும் புதிதன்று. யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றோர் கதையை நம் வீட்டுக் குழந்தைகளும் அறிவார்கள். ஆயினும் அக்கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு பிழை செய்கிறோம். தும்பிக்கையைத் தொட்டவர் ஒருவர், காலைத் தொட்டவர் மற்றொருவர் என்று கூறி, நம்மை மட்டும் தள்ளி நின்று யானை முழுவதையும் காண்பவராக எண்ணிக்கொள்கிறோம். கடற்கரையில் மூக்கில்லாதவர் போல நடப்பவர் நாமே என்பது கரியனுடன் நடந்த பின்னரே புலப்பட்டது.

இதுவரை கூறியது இனிய பகுதி. இனிக் கூறுவது அன்று.

2023-ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள். இருள் பிரியவில்லை. அந்நாட்களில் ஆளரவமற்ற இடத்தில் கரியனை அவிழ்த்துவிடும் வழக்கம் இருந்தது. நாம் கிழக்கு நோக்கி நின்று, கண்களை மூடி, நவகார மந்திரத்தை ஓதிக்கொண்டிருந்தோம். கண் திறந்தபோது, அடப்பங்கொடி படர்ந்த மணல்மேட்டருகே கரியன் முன்கால்களால் விரைந்து மணலை வாரிக்கொண்டிருந்தது. அருகில் சென்று பார்த்தபின்புதான் விளங்கிற்று. அது பங்குனி ஆமையின் கூடு. தை, மாசி, பங்குனித் திங்கள்களில் இவ்வாமைகள் இரவில் கரையேறி, ஒன்றரை அடி ஆழத்திற்குக் குழி பறித்து, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். நமக்குத் தெரியாதவாறு தாய் மூடிவைத்ததைக் கரியனின் மூக்கு சில நொடிகளில் கண்டுகொண்டது. பந்து போன்ற வெண்ணிற முட்டைகள் பல உடைந்து கிடந்தன. அதன் வாயில் மஞ்சட்கரு வழிந்தது. நம்மைக் கண்டதும் வாலை ஆட்டிற்று.

சென்னையில் 1980-களின் இறுதியிலிருந்து மாணவர்களும் தன்னார்வலர்களும் இப்பருவத்தில் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து, இம்முட்டைகளை எடுத்துச் சென்று வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்துக் காத்து வருகின்றனர். நாய்களிடமிருந்து காப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. அவ்வழியே வந்த அத்தகைய இளைஞர் இருவர் எஞ்சியவற்றை எடுத்துச் சென்றனர். நம்மை ஒரு சொல்லும் கூறவில்லை. ஒருவர் மட்டும், "உங்க நாயாம்மா?" என்று கேட்டார். "ஆம்" என்றோம். உடைந்தவற்றை எண்ணினோம். முப்பத்தொன்று.

இந்தக் கொலை யாருடையது? கரியனுடையது என்று கூறிவிடலாம். ஆனால் கரியன் நோன்பு ஏற்றதன்று. அதற்கு அது முட்டையும் அன்று, உயிரும் அன்று. மணலிலிருந்து எழுந்த ஒரு பேரின்ப மணம். செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றில் நாம் எதனையும் செய்யவில்லையே என்று முதல் இரண்டு நாட்கள் நமக்கு நாமே வழக்காடினோம். தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை விளக்குமிடத்துப் பிரமாதம் என்னும் கவனமின்மையையே முதலில் வைக்கிறது என்பது நினைவுக்கு வந்ததும், அவ்வழக்குத் தோற்றது. நாயை அவிழ்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டவர் நாம். மூடிய வேளையில் ஓதியது மந்திரம் என்பதால் கவனமின்மை கவனமாகிவிடாது.

எனவே மறுநாள் முதல் கயிற்றை அவிழ்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். எளிய முடிவு என்றுதான் எண்ணினோம். ஆனால் இல்லறத்தார்க்குரிய கொல்லாமை நோன்பின் ஐந்து அதிசாரங்களைப் படித்தோர் அறிவர்: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். அந்நிரலில் முதலில் நிற்பது கட்டுதல்! ஒரு தீங்கைத் தவிர்க்க நாம் கையிலெடுத்த கயிறே மற்றொரு தீங்கின் பெயராக அங்கு எழுதப்பட்டிருக்கிறது. கொடிய நோக்குடன் கட்டுவதையே அது குறிக்கும், காக்கும் பொருட்டுத் தளரக் கட்டுவதை அன்று என்று விளக்கம் கூறுவோர் உண்டு. அவ்விளக்கம் நமக்கு வசதியானது. வசதியானது என்பதாலேயே அதனை இருமுறை எண்ணிப்பார்க்க வேண்டியுள்ளது. கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவர், அது காக்கும் கயிறு என்கிறார். மறுமுனையில் இருப்பதை யார் கேட்டார்?

ஐந்தாவது அதிசாரமும் நம்மை விடவில்லை. எங்கள் வீட்டில் கரியனுக்குத் தயிர்ச் சோறும் பருப்புச் சோறும்தான். இதில் அறிவியல் நம் பக்கமே சற்றுச் சாய்கிறது: ஓநாயைவிட நாய்க்கு மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபணுப் படிகள் மிகுதி என்று 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு கூறிற்று. பூனையைப் போல ஊன் இன்றியமையாத பிராணியன்று நாய். புரதம் குறையாமல் கவனித்தால் மரக்கறி உணவில் நலமாக வாழக்கூடும். கால்நடை மருத்துவரும் அவ்வாறே கூறிப் பருப்பின் அளவை மிகுத்தார். ஆயினும் ஊரூர்க் குப்பத்தைக் கடக்கையில், வலையிலிருந்து உதறப்பட்ட சிறுமீன்களைக் கண்டால் கரியனின் உடல் முழுவதும் மூக்காகிவிடும். அங்கு மீன் விற்கும் அம்மையார் ஒருவர் நாம் இழுப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கூறினார்: "டீச்சரம்மா, நீங்க போடற சோறு அதோட பசிக்கு. இது அதோட ஆசைக்கு. செத்துப் போன மீனுதானே? உங்க விரதத்த அது தலையில ஏன் கட்டறீங்க?"

பதில் கூற இயலவில்லை. இன்றுவரையிலும் முழுப் பதில் இல்லை. குழந்தையை நம் வழியில் வளர்க்கிறோம். ஆனால் அக்குழந்தை வளர்ந்தபின் ஏற்கவும் மறுக்கவும் வாய் பெற்றது. நோன்பு என்பது ஏற்பவர் அறிந்து ஏற்பது. அறியாதவர்மீது சுமத்தப்பட்டால் அதனை நோன்பென்று கூறலாகாது. பட்டினி என்று கூறலாம், பழக்கம் என்று கூறலாம். மனமுடைய ஐந்தறிவு விலங்குகளும் நோன்பு ஏற்கக்கூடும் என்று நம் நூல்கள் கூறுவது உண்மையே. ஆனால் அங்கெல்லாம் விலங்கு தானே ஏற்றது, கழுத்தில் கயிற்றுடன் அன்று.

சீவக சிந்தாமணியில் வரும் நாயை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சோற்றைத் தீண்டிற்று என்பதற்காக அடித்துக் குற்றுயிராக்கப்பட்ட அந்நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்து பின்னாளில் அவனுக்குப் பெருந்துணை புரிந்தது. சிறுவயதில் இக்கதையை மந்திரத்தின் ஆற்றலுக்குச் சான்றாகவே கேட்டோம். இப்போது படிக்கையில் வேறொன்று கண்ணில் படுகிறது. சீவகன் அந்நாயைத் திருத்த முற்படவில்லை. சோற்றை ஏன் தீண்டினாய் என்று கேட்கவில்லை. அதனருகில் அமர்ந்தான்; அவ்வளவே.

இப்போது நாம் பின்பற்றும் முறையைக் கூறுவோம். இது சரியென்று வாதிட மாட்டோம். ஆமைகள் கரையேறும் மாதங்களில் கயிற்றை விடுவதில்லை. கரியனின் முகச்சுளிப்பை நாம் தாங்கிக்கொள்கிறோம். ஏனைய மாதங்களில், நண்டு வளைகள் குறைந்த மேட்டுப் பகுதியில், கண்களைத் திறந்து வைத்துக்கொண்டு அவிழ்த்துவிடுகிறோம். மந்திரம் வீட்டிலேயே ஓதப்படுகிறது. மீன் வாங்கிக் கொடுப்பதில்லை. அம்மையார் ஒரு மீன்தலையை எறிந்தால், அதனைப் பிடுங்குவதும் இல்லை. இதனை வாசிக்கும் பெரியோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நம் மருமகனும் சுளித்தார்.

பெயர்த்தியின் கட்டுரைக்கு இணங்க மற்றொரு மாற்றமும் செய்தோம். கரியன் நின்றால் நாமும் நிற்கிறோம். ராவணன் மீசைப் புல்லின் அடியிலோ, கவிழ்த்த படகின் விளிம்பிலோ அது மூக்கை வைத்துப் படித்து முடிக்கும்வரை காத்திருக்கிறோம். முன்பு முக்கால் மணி நேரத்தில் முடிந்த நடை இப்போது ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. சில நாட்களில் மண்டபத்தை எட்டுவதே இல்லை. நேற்று, நனைந்த மணலில் நமக்கு ஒன்றும் தெரியாத ஓரிடத்தில் நெடுநேரம் நின்றது. பிறகு நிமிர்ந்து நம்மைப் பார்த்தது. நாம் கயிற்றை இழுக்கவில்லை. அது மீண்டும் குனிந்து படிக்கத் தொடங்கிற்று.