ஓடினானா? ஓட்டினோமா?

புகைவண்டி விரைகிறது. தனியே அமர்ந்திருக்கிறான் ஓர் இளைஞன். திருடியவனல்லன், தீங்கிழைத்தவனல்லன். ஆயினும் பிறந்த வீட்டைவிட்டுப் போகிறான். ஏன்? அவன் உள்ளம் பெண்ணை நாடவில்லை, ஆணை நாடிற்று. அவ்வளவே!

1984-ஆம் ஆண்டில் பிரிட்டனிலே பிரான்ஸ்கி பீட் என்னும் மூவர் குழு வெளியிட்ட 'ஸ்மால்டவுன் பாய்', அதாவது 'சிற்றூர்ப் பையன்' என்ற பாப் பாடலுக்கென எடுக்கப்பட்ட படத்தின் காட்சி இது. கிளாஸ்கோவிலே பிறந்து இலண்டனுக்குப் பெயர்ந்த ஜிம்மி சாமர்வில், தமது உச்சக் குரலிலே அதைப் பாடினார். விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடத்தை எட்டிற்று பாடல். மக்கள் கேட்டனர், களித்தனர், ஆடினர். ஆடியவர்களுள் எத்தனை பேர் அந்தப் பையனுக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்திருப்பர்?

"அவனாகத்தானே போனான்? யார் துரத்தினார்?" என்பர் சிலர். கழுத்தைப் பிடித்துத் தள்ளினால்தான் துரத்துவதா என்று கேட்கிறோம் நாம். அந்தப் படத்திலே, விடைபெறும் வேளையில் தந்தை பணம் தருகிறார். மகன் கைகுலுக்கக் கை நீட்டுகிறான். தந்தையின் கை நீளவில்லை. காசு கொடுக்கக் கூசாத கை, பெற்ற மகனைத் தொடக் கூசுகிறது! சுவரும் கூரையுமா வீடு? அந்தக் கை மறுக்கப்பட்டபோதே அவன் வீடற்றவனாகிவிட்டான். வண்டி ஏறியது பின்னர் நடந்ததே.

சட்டம் என்ன செய்தது? ஆடவர் இருவர் தனிமையில் கொள்ளும் உறவு இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967-இல் குற்றமன்று என்றாயிற்று, ஸ்காட்லாந்தில் 1980-இல். ஆனால் அவர்களுக்கு 21 வயது நிரம்பவேண்டும். ஆணும் பெண்ணுமாயின் 16 போதும்! அக்குழு தன் முதல் இசைத்தட்டுத் தொகுப்புக்கு 'இசைவு வயது' என்றே பெயரிட்டு, நாட்டுக்கு நாடு அவ்வயது மாறுவதை உறையிலே அச்சிட்டுக் காட்டிற்று. எல்லையைக் கடந்தால் குற்றம் குற்றமன்றாகுமெனில், அது இயற்கை வகுத்த நீதியா, மனிதன் கிழித்த கோடா? 2001-இல் பிரிட்டனில் அந்த வேறுபாடு ஒழிந்தது.

"பெற்றோர் மனம் புண்படாதா? ஊர் ஏசாதா?" என்பர். புண்படும், ஏசும். மறுக்கவில்லை. ஆனால் ஊரார் நாவுக்கு அஞ்சிப் பிள்ளையை விலையாகக் கொடுப்பது அறமா? நமக்கு ஏற்றபடி நடந்தால்தான் அன்பு என்றால், அதற்குப் பெயர் அன்பன்று, கூலி!

அயலார் கதை என்று நாம் ஒதுங்கவும் வழியில்லை. பிரிட்டிஷார் 1860-இல் எழுதிவைத்த 377-ஆம் பிரிவு, வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவைத் தண்டிக்காது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது 2018-இலேதான். 2021-இல், பெற்றோர் எதிர்ப்பால் மதுரையை விட்டுச் சென்னைக்கு வந்த பெண்கள் இருவரின் வழக்கைக் கேட்ட சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இதில் தெளிவு போதாதென்று வெளிப்படையாகக் கூறி, உளவியலாளரிடம் கற்ற பின்னரே தீர்ப்பெழுதினார். நீதிபதி கற்கலாம், நாம் கற்கலாகாதா?

வகுப்பிலே ஒரு பையனின் நடையைக் கண்டு ஏளனச் சிரிப்பு எழுந்தபோது, கேளாதார்போல் கரும்பலகைப் பக்கம் திரும்பியவர்கள் நாம். நாளை அவன் பெயருக்கு நேரே, வருகைப் பதிவேட்டில் 'ஓடிவிட்டான்' என்று எழுதுமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: ஓடினானா? ஓட்டினோமா?