பிள்ளையின் கண்முன்னே

ஒருவன் தவறு செய்கிறான். ஊர் அவனைத் தண்டிக்கின்றது. "பார்த்தாயா, அவனுக்கு நடந்ததை?" என்று பெரியவர்கள் தம் பிள்ளைக்குச் சுட்டிக்காட்டுகின்றனர். தண்டனையைக் கண்ட பிள்ளை தவறைக் கற்காது என்பது அவர்களது நம்பிக்கை. இது எவ்வளவு தூரம் சரியானது?

அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழக உளவியலாளர் அல்பேட் பண்டுரா (1925 - 2021) 1965 இல் வெளியிட்ட ஆய்வொன்று இவ்விடத்தில் நோக்கத்தக்கது. மூன்றரை வயது முதல் ஆறு வயதுக்குட்பட்ட 66 பாலர்களுக்குச் சிறு படமொன்று காண்பிக்கப்பட்டது. வளர்ந்த ஒருவர் காற்றடைத்த பெரிய பொம்மையொன்றைக் குத்துகிறார், சுத்தியலால் அடிக்கிறார், உதைக்கிறார். அடித்தால் சாய்ந்து மீண்டும் நிமிரும் தஞ்சாவூர்ப் பொம்மையைப் போன்றது அது. படத்தின் முடிவு மட்டும் மூன்று விதம். ஒரு குழுவினர் அவர் பாராட்டப்பட்டு இனிப்புப் பெறுவதைக் கண்டனர்; இன்னொரு குழுவினர் அவர் ஏச்சும் அடியும் வாங்குவதைக் கண்டனர்; மூன்றாம் குழுவினர் கண்ட படத்தில் இரண்டுமில்லை.

பின்னர் அப்பொம்மை இருந்த அறையில் விடப்பட்டபோது, தண்டனையைக் கண்ட பிள்ளைகள் குறைவாகவே அடித்தனர். பெரியவர்களின் நம்பிக்கை வென்றுவிட்டதென்றே எண்ணத் தோன்றும். ஆனால் ஆய்வு அத்துடன் முடியவில்லை. படத்தில் கண்டதைச் செய்து காட்டினால் பழரசமும் ஒட்டுப்படமும் தரப்படும் என்று கூறப்பட்டதும், மூன்று குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் செய்து காட்டினர். முதலில் குறைவாக அடித்த பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளுக்கு அநேகமாகச் சமமாகவே வந்தனர். அடக்கமானவள் என்று பெயரெடுத்த பிள்ளையும் எல்லாவற்றையும் பார்த்து மனதில் வைத்திருந்தாள்!

ஆகவே, கற்பது வேறு. கற்றதைச் செய்வது வேறு. தண்டனை செய்கையைத் தடுத்ததேயன்றிக் கற்றதை அழிக்கவில்லை. தவறு செய்தவன் தண்டனை பெற்று ஊரோடு கணக்குத் தீர்த்துவிடலாம். பார்த்துநின்ற பிள்ளையோடு அவனுக்குள்ள கணக்கு அதனால் தீருமா என்பதே கேள்வி.

பார்த்துச் செய்வதே ஒரு பழக்கமாகிவிடுவதுமுண்டு. பிறரைப் பார்த்துச் செய்யத் தெரியாதிருந்த, கடும் அறிவு வளர்ச்சிக் குறைபாடுடைய சிறுவர்களுக்குக் கைபிடித்துச் செய்வித்து, உணவூட்டிப் பாராட்டிப் பழக்கிய ஆய்வொன்று 1967 இல் வெளிவந்தது. மூலஸ்தானத்தின் முன்னே குழந்தையின் இரு கைகளையும் சேர்த்துப் பிடித்துத் தாய் கும்பிட வைப்பதைப் போன்ற பயிற்சியே அது. சில செயல்களுக்கு மட்டும் வெகுமதி கிடைத்துவர, வெகுமதி ஒருபோதும் கிடைக்காத செயல்களையும் அவர்கள் பார்த்துச் செய்யத் தொடங்கினர்.

இனி வீட்டுக்கு வருவோம். கணவன் மனைவியை ஏசுவது பெரும்பாலும் பிள்ளையின் கண்முன்னேதான். பின்னர் அவன் வருந்துகிறான், மன்னிப்பும் கேட்கிறான். ஆனால் அது பிள்ளை உறங்கிய பின்னர், அடுப்படியில், தாழ்ந்த குரலில் நடக்கின்றது. ஏசுவது எப்படி என்பதைப் பிள்ளை பார்த்துவிட்டது. மன்னிப்புக் கேட்பது எப்படியென்று பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.